ஞாயிறு வகுப்பைத் தேடி வந்தவள்

உ
தண்டாயுதபாணி துணை

சைகோன்,
ஆவணி 8, ஞாயிற்றுக்கிழமை.

அருமை மகள் மீனாளுக்கு ஆத்தா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே உன்னைப் பெற்ற அப்பச்சிக்கும் எனக்கும் உடம்பு சௌகரியம்தான், சாப்பாட்டுக் கடையும் ஒரு குறையில்லாமல் நடக்கிறது, டப்ளினில் அந்த ஓயாத மழையில் உனக்கும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உடம்பு சௌகரியம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள். மனசைப் பற்றி இனிமேல்தான் எழுத வேண்டும். உன் கல்யாணப் பேச்சு இதில் கிடையாது, அதனால் பயப்படாமல் கடைசி வரை படி, பாதியில் வைத்துவிட்டு எனக்குப் போன் போடாதே.

தினம் முகம் பார்த்துப் பேசுகிறவள் இப்போது எதற்குத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று உனக்குத் தோன்றும். என் போனை அமைத்துக் கொடுத்தவள் ஜிசேல். நம் மாடி ஞாயிறு கம்ப்யூட்டர் வகுப்பு விஷயமாக யார் என்ன கேட்டாலும் அவளே பார்த்துப் பதில் போடட்டும் என்று, எனக்கு வருகிற செய்தியெல்லாம் அவள் கணினியிலும் திறக்கிற மாதிரி செய்து வைக்கச் சொன்னேன். அந்தக் கணினி இப்போது அவள் கையில் இல்லை. யார் கையில் இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தத் தாள். ஜிசேலின் அப்பா கப்ரியேலுடைய மைத்துனர் நாளைக்குப் பாரிஸுக்குப் புறப்படுகிறார், அங்கே இறங்கியதும் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். படித்து முடித்ததும் இதைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நீயும் கையாலேயே எழுது. உன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பரவாயில்லை, இப்போது எனக்கு அதுதான் வேண்டும்.

ஜிசேலுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று போன மாதம் வாயெல்லாம் பல்லாக உன்னிடம் சொன்னேனே, அதை மறந்துவிடு. உன் முதல் மாணவி, கான் ஹொய்யில் கப்பல் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்த காரைக்கால்காரர் கப்ரியேலின் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை, தமிழும் வியட்நாமியமும் கலந்து பேசிக்கொண்டு நம் அடுப்படியிலேயே பாதி வளர்ந்தவள். நீ வேலை நெருக்கடி என்று இரண்டு மாதம் அங்கிருந்து திரையில் வகுப்புக்கு வர முடியாமல் போனபோது உன் இடத்தில் நின்று மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். உன் மாதிரியே கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள், எனக்குச் சிரிப்பு வரும். அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாம் நடந்தது. நீ இருந்திருந்தால் நடந்திருக்காது என்று சொல்ல வரவில்லை, அப்படி நினைத்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆடி முதல் வெள்ளிக்கு நம் கோயிலுக்கு அன்னபூரணி என்று ஒருத்தி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், சுங்குடிப் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், கையில் மாவிளக்குத் தட்டு. சென்னைப் பேச்சு. இங்கே நாம் இருப்பது விரல்விட்டு எண்ணுகிற குடும்பம், தமிழ் பேசிக்கொண்டு புதிதாக ஒரு முகம் வந்துவிட்டால் அன்று மத்தியானமே இலை போட்டு உட்கார வைத்துவிடுவோம், யார் எவர் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று வைத்திருக்கிறோம். அவளும் சாப்பிட்டாள். கம்ப்யூட்டர் துறையில் பெண்களைக் கொண்டுவருவதற்கென்றே ஒரு கம்பெனி வைத்திருப்பதாகச் சொன்னாள். “பொண்ணுங்களுக்கு மூளை இல்லாம இல்ல ஆச்சி, வாசல்தான் இல்ல. நாங்க வாசலைத் திறந்து விடறோம்” என்றாள். மீனாள், இதே வார்த்தையை எத்தனை வீட்டு வாசலில் நின்று நான் சொல்லியிருப்பேன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியும் பத்தாவதோடு என்னை நிறுத்தியதை, அந்தக் கோபத்தில்தான் உன்னைப் படிக்க வைத்ததை, பிறகு ஊரார் பெண்களுக்கும் ஆகட்டும் என்று மாடியில் ஞாயிறு வகுப்பு ஆரம்பித்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. என் வாயிலிருந்த சொல்லைப் பிடுங்கி எனக்கே ஊட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வந்தாள். நான்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சுவரில் நான் ஒட்டி வைத்திருக்கிற உன் படத்தை, கழுத்தில் கம்பெனி அட்டையோடு நிற்கிறாயே அந்தப் படத்தை, தன் போனில் எடுத்துக்கொண்டாள். நீ நடத்திய பாடங்களின் பதிவு மொத்தத்தையும் மற்ற ஊர்ப் பெண்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று கேட்டாள், ஜிசேல் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தாள். வாடிக்கையாளர்களுக்குக் கணினியில் பதில் சொல்லுகிற வேலை, நல்ல சம்பளம், போகப் போகப் பெரிய வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம், பெண்களுக்குத் தனி விடுதி, பயிற்சி மட்டும் அடுத்த நாட்டு எல்லையில், மொக் பாய்க்குப் பக்கத்தில் என்றாள். ஜிசேலுக்குக் கண் மின்னியது. மசாலாக் கடை ராமாமிர்தத்தின் மகள் அலமுவுக்கும்தான். அலமுவை உனக்குத் திரையில் பார்த்த பழக்கம்தான், பின் வரிசையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்பாளே அவள். அவளை வகுப்புக்கு அனுப்ப வைக்க நான் பட்டபாடு கொஞ்சமா. பென்-தான் மார்க்கெட்டில் அவர் கடை முன்னால் நின்று, மகளை அனுப்புகிற வரைக்கும் உங்களிடம் மிளகாய் வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டு, ஒரு மாதம் சப்பென்று குழம்பு வைத்து, அப்பச்சியிடம் பேச்சு வாங்கி அல்லவா அவளைக் கூட்டி வந்தேன்.

பாஸ்போர்ட் கேட்டாள். அதுதான் எங்கள் யாருக்கும் உறுத்தவில்லை. உனக்குத் தெரியும், இங்கே நம் ஆட்களுக்கு விசா தீரத் தீர மொக் பாய்க்குப் போய் எல்லையைத் தாண்டி முத்திரை குத்திக்கொண்டு திரும்புவது மார்க்கெட்டுக்குப் போய்வருவது போலப் பழகிவிட்டது. விடிவதற்குள் வேனில் ஏறி, குச்சிக்கிழங்கு வயல்களையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு போய், இறங்கியதும் ஏஜெண்ட் ஒரு மஞ்சள் பையை நீட்டுவார், எல்லோரும் பாஸ்போர்ட்டை அதில் போட்டுவிட்டு அவித்த சோளம் வாங்கித் தின்றுகொண்டு நிற்போம். யார் அந்த ஆள், பெயர் என்ன, ஒன்றும் கேட்டதில்லை. பாஸ்போர்ட்டைக் கையைவிட்டுக் கொடுக்கக் கூடாது என்று மற்ற ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள், நாம் மஞ்சள் பையில் போடச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அலமுவுக்கு அப்பாவைச் சார்ந்து விசா வாங்குகிற வயது தாண்டிவிட்டது, இருக்கிற விசாவும் முடியப் போகிறது, பயிற்சிக்கு வருகிற வழியிலேயே முத்திரையும் குத்தி விடுகிறேன் என்று அன்னபூரணி சொன்னதும் ராமாமிர்தமே, மகளுடைய பாஸ்போர்ட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கோயிலில் வைத்து அவள் கையில் கொடுத்தார். ஜிசேலும் தன்னுடையதைக் கொடுத்தாள். ஜிசேல் முதலில் போவது, அலமுவும் இன்னும் இரண்டு பெண்களும் அடுத்த முறை போவது என்று ஏற்பாடு. கணினிப் பையும் கையுமாக நின்ற ஜிசேலுக்கு வழிக்குத் தட்டையும் சீடையும் கட்டிக் கொடுத்து வேன் வரைக்கும் போய் நானே வழியனுப்பிவிட்டு வந்தேன்.

அங்கே போன முதல் இரண்டு நாள் குரலில் பேசி அனுப்பினாள். எனக்கு எழுத்தில் போட்டால் கண்ணாடி தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். அதற்குப் பிறகு குரல் நின்றுவிட்டது, எழுத்து மட்டும் வந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, வேலை சுலபம், அலமுவைச் சீக்கிரம் அனுப்புங்கள். மறுநாளும் அதே. எனக்கு என்னவோ செய்தது, ஆனால் புது இடம், வேலை மும்முரம் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் இப்படி எழுதியிருந்தாள்: ஆச்சி, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, அலமு தாராளமாக வரலாம், அம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், சீக்கிரமே வந்து அம்மாவைப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

அவள் அம்மா செத்து ஏழு வருஷம் ஆகிறது மீனாள். நானும் அப்பச்சியும் கல்லறை வரைக்கும் போனோம், நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் கடையில் சாம்பார் வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டேன். கப்ரியேலை வரவழைத்துக் காட்டினேன். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தார், திரும்பவும் படித்தார். “எம் பொண்ணு கெட்டிக்காரி ஆச்சி. பக்கத்துல காவலுக்கு ஆள் நிக்கறப்பவே நமக்கு மட்டும் புரியற மாதிரி எழுதியிருக்கா” என்றார். பிறகு தண்ணீர் கேட்டார், கொடுத்ததைக் குடிக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சுவர் எழுப்பிய கட்டடங்களில் பிள்ளைகளை அடைத்துவைத்து, கணினி முன்னால் உட்கார வைத்து, ஊர் உலகத்தில் இருக்கிறவர்களிடம் ஆசை காட்டிப் பணம் பிடுங்க வைக்கிறார்கள் என்று பத்திரிகையில் வருகிறதே, அதை நானும் படித்திருக்கிறேன். யாரோ ஏமாந்த பிள்ளைகள் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். இங்கே போலீஸில் எழுதிக் கொடுத்தோம். மரியாதையாகத்தான் கேட்டார்கள். எல்லைக்கு அப்பால் வேறு நாடு, கேட்டு எழுதுகிறோம், பொறுமையாக இருங்கள் என்றார்கள். கப்ரியேல் அன்றிலிருந்து தினம் காலையில் பஸ் ஏறி மொக் பாய்க்குப் போய், மகள் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை நிற்கிறார். அந்தப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வேனிடமும் காட்டுகிறார். போன புதன்கிழமைக்குப் பிறகு ஜிசேலிடமிருந்து எழுத்தும் இல்லை.

அலமு புறப்படுவதற்கு நாள் குறித்திருந்தது. நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெண் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று ஆரம்பத்திலேயே சொன்னோமே என்று எல்லா அப்பன்மாரும் எழுந்து நிற்பார்கள், மாடியில் பாய் விரிக்க ஒருத்தி வரமாட்டாள், நீயும் நானும் இத்தனை வருஷம் பட்ட பாடு அன்றோடு சரி. திறக்காவிட்டால் அலமு வேனில் ஏறிவிடுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பாய். யோசித்தேன் மீனாள், ஒரு பொழுது முழுக்க யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது. பிறகு நேராக மார்க்கெட்டுக்குப் போய் அலமுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்களும் எங்கப்பா மாதிரியே ஆயிட்டீங்களா ஆச்சி” என்று கேட்டாள். ஜிசேல் அவசரத்தில் ஏதோ மாற்றி எழுதியிருப்பாள், மீனாள் அக்காவே அந்தக் கம்பெனியில் ஆலோசகராக இருக்கும்போது என்ன பயம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீனாள் அக்காவா என்று கேட்டால், கம்பெனிப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறாள், அதில் நீ நிற்கிறாய். நம் மாடிச் சுவரில் இருக்கிற அதே படம். கீழே உன் பெயர், பெரிய பதவி, பெண்களே தைரியமாக வாருங்கள் என்று நீ சொன்னதாக நாலு வரி.

மீனாளுக்கு அதில் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னதும் அலமு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். நீ சொல்லிக் கொடுத்ததுதான், எந்தப் பக்கத்தையும் யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று பார்ப்பது, ஒரு படம் முதலில் எங்கே வந்தது என்று தேடுவது. அந்தக் கம்பெனி பக்கம் இந்த வருஷம் சித்திரையில்தான் முளைத்திருக்கிறது. அலுவலகம் என்று போட்டிருந்த கண்ணாடிக் கட்டடம் வேறொரு தேசத்தில் இருக்கிற பல் ஆஸ்பத்திரி. அங்கே வேலை செய்வதாகச் சிரித்துக்கொண்டு நின்ற பெண்கள் யாரோ விளம்பரத்துக்கு நின்றவர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள், குரல் இறங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் மூடி வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா கேட்டதும் எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் திட்டவில்லை. அந்த மடிக்கணினியை எடுத்துப் பட்டை, கிராம்பு வைக்கிற இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். போனையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அன்னபூரணி எனக்குப் போன் செய்தாள். அதே தேன் குரல். அலமு வரவில்லையாமே, பரவாயில்லை ஆச்சி, அவள் பாஸ்போர்ட் எல்லையில் எங்கள் ஆளிடம் இருக்கிறது, அவளே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள், அப்பாவும் கூட வரட்டுமே என்றாள். நான் போய்ச் சொன்னதும், பாஸ்போர்ட்டை வாங்கி வந்துவிடுகிறேன் என்று ராமாமிர்தம் மகளை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பியே விட்டார். நான் இருக்கும்போது என் மகளை எவன் என்ன செய்வான் என்று அவருக்கு வீறாப்பு. அப்பச்சியை உனக்குத் தெரியுமே, சத்தம் போட்டே பேச மாட்டார்கள், அன்று வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, என் மேல் ஏற்றிவிட்டுப் போங்கள் என்றார்கள். முதலில் ராமாமிர்தம் ஹாரன் அடித்தார், பிறகு இறங்கிவிட்டார். பாஸ்போர்ட் தொலைந்துபோனதாகத் தூதரகத்தில் எழுதிக் கொடுத்து, புதிதுக்கு மனுப் போட்டாகிவிட்டது. அன்னபூரணியின் நம்பர் அதோடு செத்துவிட்டது.

இனிமேல் எழுதப் போவதை நிதானமாகப் படி. வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது, தெரியாத நம்பர். எடுத்தால் நீ பேசுகிறாய். உன் குரல் மீனாள். உன் இழுவை, ஒரு வாக்கியம் முடியும் முன் லேசாக மூச்சு வாங்குவாயே, அது உட்பட. “அம்மா, நான் விசாரிச்சிட்டேன், அந்தக் கம்பெனி நல்ல கம்பெனிதான், அலமுவை ஏன் தடுக்கறீங்க, அனுப்பி வையுங்க” என்றாய். ஒரு நிமிஷம், நிஜமாகச் சொல்கிறேன், சரி கண்ணு என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பிள்ளையின் குரலுக்குப் பெற்ற வயிறு அப்படிக் கரைந்து கொடுக்கிறது. பிறகுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து என்னை நீ அம்மா என்று கூப்பிட்டதே கிடையாது, ஆத்தாதான். வகுப்புப் பாடங்களில் நீ என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாய், அதனால் அந்தப் பதிவை வைத்து உன் குரலைச் செய்தவர்களுக்கு அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை. போனை வைத்துவிட்டேன். நேரே ராமாமிர்தத்திடம் போய், இப்படி ஒரு போன் வந்தது, உங்களுக்கும் வந்தால் நம்பாதீர்கள் என்று சொன்னேன். அன்று சாயங்காலம் சம்பந்தமில்லாமல் உன்னைக் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாய், ரசம் வைத்தாயா என்று வளவளவென்று கேட்டேனே, நீ கூட உனக்கு என்ன ஆச்சு ஆத்தா என்று சிரித்தாய். அந்த ஆத்தாவைக் கேட்கத்தான் கூப்பிட்டேன்.

இன்று ஞாயிறு. வழக்கம்போல நாலு மணிக்கு மாடியைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, பாய் விரித்து வைத்தேன். யாரும் வரவில்லை. சரி மூடலாம் என்று எழுந்தபோது படியில் செருப்புச் சத்தம். ராமாமிர்தம். பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். கும்பகோணத்தில் ஒரு வரன் வந்திருக்கிறது, புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அலமுவை அனுப்பிவைத்துக் கல்யாணத்தை முடித்துவிடப் போகிறேன், நீங்கள் வருத்தப்படக் கூடாது, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். உங்கள் மகளைக் காப்பாற்றியது நானும் இல்லை நீங்களும் இல்லை, அவள் படித்த படிப்பு, நீங்களும் நானும் மாவிளக்குத் தட்டைப் பார்த்து மயங்கிப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் கொடுத்தவர்கள், அவள் மூட்டை மேல் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தாள், அந்தக் கண்ணைப் போய்க் கட்டப் பார்க்கிறீர்களே என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு மெதுவாக, “ஆச்சி, கோவிச்சுக்காதீங்க. உங்க பொண்ணையும் திருப்பிக் கூப்பிட்டுக்குங்க. அது மொகத்தையும் எடுத்துக்கிட்டாங்க, கொரலையும் எடுத்துக்கிட்டாங்க. இன்னும் என்ன பாக்கி இருக்கு?” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பெற்றவனாகத்தான் சொன்னார். அவர் சொன்னதும் என் வயிறு ஆமாம் ஆமாம் என்றது.

கடைசியில் இதுதான் சொன்னேன். என் மகள் அங்கேதான் இருப்பாள், நீங்கள் புதுப் பாஸ்போர்ட் வருகிற வரைக்கும் வரனுக்கு வாக்குக் கொடுக்காமல் இருங்கள், அதற்குள் அலமுவுக்கு மீனாள் வழி பண்ணுவாள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மீனாளே திரையில் வந்து பேசினாலும் இனிமேல் நான் நம்பமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதனால் நீ செய்ய வேண்டியது இது. உங்கள் கம்பெனியிலோ, உனக்குத் தெரிந்த வேறு நல்ல இடத்திலோ, அலமு இங்கிருந்தபடி பழகுகிற மாதிரி ஒரு நிஜமான இடம் பார். சம்பளம் சின்னதாக இருந்தாலும் சரி, அவள் கணினி அந்த இரும்புப் பெட்டியை விட்டு வெளியே வரவேண்டும். பார்த்துவிட்டு ராமாமிர்தத்துக்கு உன் கையால் தமிழில் ஒரு கடிதம் எழுது, மரியாதையாக மாமா என்று ஆரம்பி, கம்பெனி முத்திரை போட்ட தாளையும் சேர்த்துத் தபாலில் அனுப்பு. உன் படத்தைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று உங்கள் அலுவலகத்திலும் அந்த ஊர்ப் போலீஸிலும் எழுதிக் கொடு. வேறு எந்த ஊரில் எந்தப் பெண் உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாளோ, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பை நான் மூடமாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் பாய் விரிப்பேன். யாராவது ஒருத்தி வந்தால் போதும், வேலை என்று சொல்லிக்கொண்டு வருகிறவளை எப்படித் துருவிப் பார்ப்பது என்பதுதான் இனிமேல் முதல் பாடம். நாளைக்கு அப்பச்சியும் கப்ரியேலோடு மொக் பாய்க்குப் போகிறார்கள். அந்தக் கிழவர் தனியாக நிற்கக் கூடாது என்கிறார்கள். ஜிசேலுக்காகவும் ஒரு வார்த்தை கும்பிட்டுக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனைந்தால் தலையைத் துவட்டாமல் படுக்காதே, யார் கேட்டாலும் பாஸ்போர்ட்டைக் கையைவிட்டுக் கொடுக்காதே, வேலையில் உன்னை ஓரம் கட்டுகிறவர்களிடம் அடங்கிப் போகாதே. தண்டாயுதபாணி உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் குறைவில்லாமல் கொடுக்கட்டும். கடைசியாக ஒன்று, இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். உன் குரலைச் செய்தவர்களுக்கு என் குரலைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும். இந்தத் தரம் ஆத்தா என்ற சொல்லையும் தெரிந்துகொண்டு வருவார்கள். ஆத்தாவுக்கு நெஞ்சு வலி என்று ஒரு போன் வரலாம், நான் அழுவேன், இருமுவேன், அடுத்த விமானத்தில் வா கண்ணு, விமான நிலைய வாசலில் நம் ஆள் நிற்பான் என்று கெஞ்சுவேன். வராதே. நிஜமாகவே நான் படுத்துவிட்டாலும் அப்பச்சி உனக்குக் கையால் எழுதுவார்கள், கடிதம் வந்து சேரும்போது நான் இல்லாமல் போயிருந்தாலும் அதுவும் பரவாயில்லை. இன்று மாடியில் உட்கார்ந்தபோது உன்னைக் கூப்பிட்டுவிடத்தான் என் வயிறு துடித்தது, அதை அடக்கிக்கொண்டு சொல்கிறேன். நீ அங்கே இருந்து உன் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் உன்னைப் பெற்றேன், வளர்த்தேன், அனுப்பினேன். திரும்பி வா என்று உன்னைக் கூப்பிடுகிறவள் எவளாக இருந்தாலும், அவள் உன் ஆத்தா இல்லை.

இப்படிக்கு,
உன் ஆத்தா
தெய்வயானை